நல்ல தண்ணீர்

வெள்ளிக்கிழமைகளில் கதிரவேல் கடலில் கால் வைப்பதில்லை. மகன் தனஞ்சயன் படுக்கையில் விழுந்த வருடம் சல்லி அம்மனுக்கு வைத்த நேத்தி அது. அன்றைக்கு விடியவே எழும்பி, கிணற்றிலிருந்து இரண்டு வாளி நல்ல தண்ணீர் அள்ளிக்கொண்டு வருவார். முதல் வாளி படகு இயந்திரத்துக்கு. மூடியைக் கழற்றி, உப்புப் பூத்த இடமெல்லாம் ஊற்றி, பழைய சாரத் துண்டால் துடைத்து வைப்பார். இரண்டாவது வாளி வீட்டின் மேற்குச் சுவரில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டிக்கு.

அந்தப் பெட்டி உள்ளங்கை இரண்டை ஒன்றாக வைத்த அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு சிவப்புக் கைபிடி. கூரையில் கிடக்கும் சோலார் பலகைகளிலிருந்து வயர்கள் இறங்கி அதற்குள் போய், பிறகு சுவரைத் துளைத்து உள்ளே இன்வேட்டருக்குப் போகின்றன. பூட்டித் தந்த கிண்ணியாப் பொடியன் பஹ்மி, அது டீசீ ஐசொலேட்டர் என்றும், ஏதும் கரைச்சல் என்றால் அதைத் திருப்பிவிட்டால் மேலேயிருந்து வருகிற கரண்ட் நின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தான். போகும்போது, "கடற்கரை வீடு ஐயா, உப்புக் காத்து. பெட்டியைக் கவனமாப் பாத்துக்கங்க" என்றும் சொன்னான்.

கடல் தொழில் செய்கிறவனுக்கு உப்பிலிருந்து ஒரு பொருளைக் காப்பாற்ற ஒரு வழிதான் தெரியும். கதிரவேல் வெள்ளிக்கு வெள்ளி அந்தப் பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவினார். மேலே வயர் நுழைகிற இடத்தில் உப்பு அதிகம் பூப்பதால் அங்கே இரண்டு கைத் தண்ணீர் கூடுதலாக ஊற்றினார்.

சுவரின் மறுபக்கம் தனஞ்சயனின் கட்டில். புல்மோட்டைப் பக்கம் கடலட்டை எடுக்கச் சுழியோடப் போனவன், சிலிண்டரில் காற்று முடிந்து ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தான். படகில் ஏறும்போது சிரித்துக்கொண்டுதான் ஏறினானாம். கரைக்கு வருவதற்குள் இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போயிற்று. கிடந்த கிடையில் முதுகின் அடியில் புண் வந்து எலும்பு தெரிகிற அளவுக்குப் போனது. ஆஸ்பத்திரியில் ஒரு காற்று மெத்தையைக் காட்டினார்கள். அதன் குழாய்கள் ஒன்று மாறி ஒன்று ஊதி இறங்கிக்கொண்டே இருக்கும். உடம்பில் ஒரே இடம் தொடர்ந்து அழுந்தாது. ஒரு சின்ன மோட்டர் இரவு பகலாக அதை ஊத வேண்டும். மெத்தை நின்றால் புண் திரும்பத் திறக்கும், இன்னொரு முறை திறந்தால் தங்களால் ஒன்றும் செய்ய ஏலாமல் போகலாம் என்று டொக்டர், தாய் வள்ளிநாயகியிடம் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் கடுமை இல்லை. அதனால்தான் அவள் கூடுதலாகப் பயந்தாள்.

லைட் போகிற நேரங்களில் அவள் விசிறியை விட்டுவிட்டு மெத்தையைத்தான் பார்ப்பாள். இதைக் கேள்விப்பட்ட கலீலுர் றஹ்மான், தனஞ்சயன் யாருடைய படகில் அட்டைக்குப் போனானோ அந்தக் கிண்ணியா முதலாளி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தன் மருமகன் பஹ்மியைச் சோலார் பலகைகளோடும் பற்றரியோடும் அனுப்பிவிட்டார். அதுவரை ஏழு வீட்டுக் கதவைத் தட்டியும் திறக்காத உதவி, அன்றைக்கு லொறியில் வந்து இறங்கியது. இறைவன் தன் கையை எங்கேயிருந்து நீட்டுவான் என்று யாருக்குத் தெரியும்.

கதிரவேல் அந்தப் புண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. வள்ளிநாயகி துணி மாற்றுகிற நேரம் அவர் காற்றுப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விடுவார். இப்போது ஆறடி நீளம் கிடக்கும் மகனைச் சின்ன வயதில் தோளில் தூக்கி அலையில் எறிந்து விளையாடிய மனிதர். பார்க்க அவருக்கு ஏலாது. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்க்க ஏலும், கழுவ ஏலும், துடைக்க ஏலும். அதை அவர் ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கச்சான் காற்று காலையிலேயே எழும்பிவிட்டது. மேற்கேயிருந்து காய்ந்த வயல்களின் சூட்டை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. கதிரவேல் இரண்டு வாளித் தண்ணீரையும் ஊற்றி முடித்து, கோயிலுக்குப் போய் வந்து, கரைக்குப் போய்விட்டார். அங்கே சோமசேகரத்தின் கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. வள்ளிநாயகி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சுவருக்குள்ள ஒரு வண்டு இரையுது" என்றான் தனஞ்சயன் அறைக்குள்ளிருந்து.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரில் காதை வைத்தாள். காதை உடனே எடுத்தாள். சுவர் சுட்டது. பிளாஸ்டிக் கருகுகிற மணம் அப்போதுதான் அவள் மூக்குக்கு வந்தது.

கரையில் கதிரவேல் வலைக்காரரோடு நின்றார். சோமசேகரம் வலையின் சொந்தக்காரச் சம்மாட்டி, வயதில் மூத்தவர், வாயும் நீளம். வெள்ளிக்கிழமை என்றால் கதிரவேலைச் சீண்டாமல் விடமாட்டார். "உன்ர நேத்தி மீனுக்குத் தெரியுமே கதிரவேல்? அது வெள்ளியிலதான் மந்தையா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், வள்ளிநாயகி செருப்பில்லாமல் சுடுமணலில் ஓடிவருவதை இருவரும் கண்டார்கள்.

கதிரவேல் போய்ப் பார்த்தபோது பெட்டியின் மேல் விளிம்பில் நூல் போலப் புகை வந்துகொண்டிருந்தது. சிவப்புக் கைபிடியைத் திருப்பினார். அது களிமண்ணில் குத்திய குச்சி போலச் சுழன்றது, இரைச்சல் நிற்கவில்லை. உள்ளே ஓடி மெயின் சுவிச்சை இறக்கினார். இன்வேட்டரையும் நிற்பாட்டினார். விசிறி நின்றது. மெத்தையின் மோட்டர் நின்றது. வீட்டில் இருந்த எல்லாம் நின்றது. நிற்க வேண்டியது மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு வெளியே அது இரைந்துகொண்டே இருந்தது.

பஹ்மிக்குப் போன் எடுத்தார். ஜும்ஆத் தொழுகை நேரம், போன் பூட்டிக் கிடந்தது. நகரத்துத் தீயணைப்பு வண்டி எங்கோ பற்றைக்காட்டுத் தீ அணைக்கப் போயிருந்தது. முடித்துக்கொண்டு வருவோம் என்றார்கள். கதிரவேல் கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, கரண்டில தண்ணி ஊத்துறதே?" என்று வள்ளிநாயகி வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாளியைப் பார்த்தார். காலையில் ஊற்றிய அதே வாளி. அடியில் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. அவருடைய கை தளர்ந்ததை வள்ளிநாயகி கண்டாள். ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. வாளியைப் பறித்து எறிந்துவிட்டு முற்றத்து மணலைக் கையால் அள்ளி அள்ளிச் சுவரில் எறியத் தொடங்கினாள்.

அதற்குள் நெருப்பு கூரை மரத்தைப் பிடித்துவிட்டது. அறையின் சீலிங் ஒரு மூலையில் கறுத்து, அதிலிருந்து பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது. கதிரவேல் மகனின் அக்குளில் கையைக் கொடுத்தார். தனஞ்சயன் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் அந்த அறையை விட்டு வெளியே வந்து இரண்டு வருடமாகிறது. மூத்திரப் பையும் துணியுமாகக் கிடக்கும் தன்னைக் கரைச் சனம் பார்க்கக்கூடாது என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே வீம்பு.

"நான் கிடக்கிறன் அப்பா. நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியால போங்கோ."

வாசலில் நிழல் விழுந்தது. சோமசேகரம் நான்கு வலைக்காரரோடு உள்ளே வந்தார். உடம்பெல்லாம் உப்பும் மணலும். தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவனுடைய இடுப்பின் மேல் போட்டார்.

"உன்னை ஆரும் பாக்க வரேல்லையடா. நாங்கள் மெத்தையைத் தூக்க வந்தனாங்கள். நீ அதில கிடக்கிறாய், அவ்வளவுதான்."

தனஞ்சயனின் விரல்கள் சட்டத்திலிருந்து கழன்றன. நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தார்கள். கூரையிலிருந்து விழுந்த ஒரு துளி மெத்தையில் பட்டுப் பொசுங்கியது, இன்னொன்றும் பட்டது. யாரும் விடவில்லை. முற்றத்தைத் தாண்டிப் பூவரச மர நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து கடல் நேராகத் தெரிந்தது. இழுத்த இழுப்பில் கட்டையில் சுற்றிவிட்டு வந்த வலைக்கயிறு, அலையில் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"வலையை விட்டிட்டே வந்தனியள் மாமா?"

"அது கிடக்கும்" என்றார் சோமசேகரம். கிடக்காது என்பது அவனுக்கும் தெரியும். வலையின் மடிக்குள் வந்த மீன் அந்நேரம் போய்க்கொண்டிருக்கும்.

அப்போதுதான் பஹ்மியின் போன் வந்தது. தொழுகை முடிந்து போனைப் போட்டதும் இத்தனை அழைப்புகளைக் கண்டு பதறிவிட்டான். கதிரவேல் எல்லாவற்றையும் நிற்பாட்டியும் பெட்டி இரைகிறது என்று சொன்னார். பஹ்மி மெதுவாகச் சொன்னான்:

"ஐயா, அது மின்சார சபைக் கரண்ட் இல்ல. பலகையில வெயில் படுற வரைக்கும் அது வரும். பெட்டிக்குள்ள ரெண்டு வயரும் ஒண்டோட ஒண்டு பத்திட்டு. இனி சுவிச்சால ஏலாது. பலகையை மூடுங்க. வெயில் படாம மூடுங்க. கூரையில ஆரும் ஏற வேணாம், ஈரமான எதையும் போட வேணாம். நான் வாறன்."

வெயிலை நிற்பாட்ட வேண்டும் என்றால் என்ன செய்வது என்று கதிரவேல் திகைத்தார். ஆனால் சோமசேகரத்துக்கு அது விளங்கியது. படகு மூடுகிற தறப்பாள்களைக் கொண்டுவரச் சொன்னார். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி, கூரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எறிந்து, தறப்பாளை மேலே இழுத்தார்கள். நீலத் தறப்பாளில் வெயில் ஊடுருவியது. அதற்கு மேல் இன்னொன்றும், அதற்கு மேல் கரையில் காய்ந்துகொண்டிருந்த பழைய வலையையும் இழுத்துப் போர்த்தார்கள். இரைச்சல் தணிந்து முனகலாகி, நின்றது. வள்ளிநாயகி மணலில் அப்படியே குந்தினாள்.

அடுத்த கச்சான் வீச்சு வந்து தறப்பாளின் ஒரு பக்கத்தைத் தூக்கியது. ஒரு கீற்று வெயில் பலகையில் பட்டது. பெட்டி மறுபடியும் இரைந்தது.

அதன்பின் எல்லோரும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டின் இந்தப் பக்கம் கொஞ்சப் பேர், அந்தப் பக்கம் கொஞ்சப் பேர். பெண்களும் வந்தார்கள். கூரை மரத்தில் கனிந்த நெருப்பைச் சிலர் உலர்ந்த மணலைக் கீழிருந்து எறிந்து அடக்கினார்கள். கரைவலைக் கயிறு என்றால் இழுக்க இழுக்க ஏதாவது வரும். இது இழுத்தால் வருகிற கயிறு இல்லை. பிடித்துக்கொண்டே நிற்கிற கயிறு. யாரோ பழக்கத்தில் வலை இழுக்கிற அம்பாப் பாட்டைத் தொடங்கி, தனக்கே வெட்கமாகி நிறுத்திக்கொண்டார். காற்று வருகிறபோது எல்லோரும் காலை மணலில் ஊன்றிச் சாய்ந்தார்கள். காற்று போனதும் மேற்கே பார்த்தார்கள். சூரியன் நின்ற இடத்திலேயே நின்றது.

பஹ்மி சீனன்குடா தாண்டி, நகரம் தாண்டி, சாம்பல்தீவுப் பாலத்தையும் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது தலையில் தொப்பி அப்படியே இருந்தது. கருவிப் பையோடு சுவரடிக்குப் போனவன், பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். ஒரு கயிற்றைப் பிடித்தான்.

"ஒண்டும் செய்ய ஏலாதோ தம்பி?" என்று சோமசேகரம் கேட்டார்.

"இப்ப கை வைச்சா என்னையும் எரிக்கும். வெயில் விழவேணும்."

"படிச்ச ஆள் வந்தா ஏதும் செய்யும் எண்டு நினைச்சம். நீயும் எங்களைப்போலக் கயிறு பிடிக்கத்தான் வந்தனியோ" என்றார் சோமசேகரம். சிலர் சிரித்தார்கள். பஹ்மியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் கொஞ்சம் தண்ணீர் குடித்தது போல இருந்தது. வள்ளிநாயகி உண்மையாகவே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கயிற்றை விடாதவர்களின் வாயில் ஒவ்வொருவராக ஊற்றினாள். பஹ்மிக்கும் ஊற்றினாள்.

கதிரவேல் அவனுக்குப் பக்கத்தில் அதே கயிற்றில் நின்றார். பிறகு கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தம்பி, நான் அதைக் கழுவுறனான்."

"எதை ஐயா?"

"பெட்டியை. வெள்ளிக்கு வெள்ளி. எஞ்சினைக் கழுவுறமாதிரி, நல்ல தண்ணியால. வயர் போற இடத்தில கொஞ்சம் கூட ஊத்துவன். இண்டைக்கும் ஊத்தினனான்."

பஹ்மி கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுக்கு ஒரு பொய் வாய்வரைக்கும் வந்திருக்க வேண்டும். பெட்டி கூடாத பெட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் கிழவரின் நெஞ்சு ஆறிவிடும். அவன் அதைச் சொல்லவில்லை.

"ஓம் ஐயா. தண்ணி போயிருக்கு. அதாலதான்."

கதிரவேல் தலையை ஆட்டினார்.

"ஆனா தண்ணி போக வழி வைச்சது நான்" என்றான் பஹ்மி. "வயரைக் கீழால எடுத்திருக்கவேணும். வயர் கட்டையா இருந்திச்சு, மேலால ஓட்டை போட்டு இறக்கி, சிலிக்கன் வைச்சு அடைச்சிட்டுப் போயிட்டன். கவனமாப் பாத்துக்கங்க எண்டு சொன்னன். தண்ணி படக்கூடா எண்டு சொல்லல்ல. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

காற்று வந்தது. இருவரும் காலை ஊன்றிச் சாய்ந்தார்கள்.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கி ஒளி மங்கிய பிறகுதான் பஹ்மி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஏறினான். பலகைகளின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பெட்டியை இறக்கி மணலில் வைத்தபோது அதன் உள்ளே எல்லாம் ஒன்றாக உருகிக் கரியாகியிருந்தது. சனம் கயிறுகளை விட்டது. பலருடைய உள்ளங்கைகள் தோலுரிந்திருந்தன.

தீயணைப்பு வண்டி கடைசிவரை வரவில்லை, ஆனாலும் வீடு தப்பியது. அறையின் கூரையில் ஒரு மூலைதான் போயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து விளக்கும் விசிறியும் போட்டார்கள். மெத்தையின் மோட்டரும் ஓடியது. ஆனால் துளிகள் விழுந்த இடங்களில் குழாய்கள் பொத்துப்போயிருந்தன. சோமசேகரம் படகு ஒட்டுகிற பசையும் சைக்கிள் ரியூப்பும் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தார். உருகிய பிளாஸ்டிக் எதையும் பிடிக்கவில்லை. மோட்டர் ஊதியது, மெத்தை தட்டையாகவே கிடந்தது. அதைக் கையால் அமர்த்திப் பார்த்துவிட்டு அவர் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் எழும்பினார்.

அன்றிலிருந்து தனஞ்சயனை ஆட்கள்தான் மாற்றி மாற்றித் திருப்பினார்கள். வலைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். கடலால் வந்து மீன் மணத்தோடு உள்ளே வருவார்கள். இடப்பக்கம் கிடப்பவனை வலப்பக்கம் திருப்பிவிட்டு, ஒரு பகிடி சொல்லிவிட்டுப் போவார்கள். கலீலுர் றஹ்மான் கொழும்பில் மெத்தைக்குச் சொல்லியிருந்தார். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். வள்ளிநாயகி மட்டும் துணி மாற்றுகிறபோது எதையோ பார்த்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள்.

பஹ்மி இடையில் வந்து புதுப் பெட்டி பூட்டினான். வயர்கள் இந்தமுறை கீழிருந்து ஏறின. மேலே தகரத்தில் சின்னதாக ஒரு கூரை வைத்திருந்தான். கைபிடியைத் திருப்பிக் காட்டினான், டக்கென்று தெறித்தது. எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் உள்ளே ஒரு சுருள்வில் சட்டென்று வெட்டிவிடும், நெருப்பு நீள இடம் கிடையாது என்றான். பிறகு கதிரவேலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்ல ஐயா. சும்மா பாத்தாக் காணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை விடிய, கதிரவேல் பழக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளினார். ஒன்றை இயந்திரத்துக்கு ஊற்றினார். மற்றதைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவருக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் நினைவு வந்தது. தகரக் கூரையின் கீழ் பெட்டி சுத்தமாக, அவரிடமிருந்து எதுவும் வேண்டாமல் இருந்தது. வாளியோடு அப்படியே நின்றார்.

"அப்பா" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனஞ்சயனின் குரல் வந்தது. "இண்டைக்குத் தண்ணிச் சத்தம் கேக்கேல்ல."

அவர் வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையில அந்தச் சத்தத்திலதான் நான் எழும்புறனான். நீங்கள் கழுவுறது எனக்குத் தெரியும். நானும் நல்லதெண்டுதான் நினைச்சனான்."

கதிரவேல் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, படியேறி, அறைக்குள் போனார். வள்ளிநாயகி மகனைச் சரித்துப் படுக்கவைத்துத் துணியை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். வாளியோடு நிற்கும் மனிதரைப் பார்த்தாள். தள்ளி இடம் விட்டாள்.

மெத்தை இன்னும் வரவில்லை. மூடியிருந்த புண் ஒரு ஓரத்தில் திறந்து, சிவந்து, ஈரமாக இருந்தது. கதிரவேல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு குந்தி, அவள் கொடுத்த சுத்தமான துணியைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து, மகனின் முதுகில் வைத்தார்.

"குளிருதோ மோன்?"

"மேல தெரியுது. கீழ எனக்குத் தெரியாதப்பா. நீங்கள் எங்க துடைக்கிறீங்கள் எண்டு சொல்லுங்கோ."

"இப்ப முதுகில."

"ம்."

"இப்ப இடுப்பில."

"ம்."

துணியைத் திரும்பவும் தோய்த்தார். தண்ணீர் வாளிக்குள் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்ப எங்கயப்பா?"

"இப்ப புண்ணுக்குப் பக்கத்தில" என்றார் கதிரவேல். "மெதுவாத்தான் துடைக்கிறன்."